உப்பில் வரைந்த ரத்தத்துளி

தூத்துக்குடி மாநகரத்து மக்கள், வெளித்துறையில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் நிலக்கரிக் கப்பல்கள், உப்பளங்களில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரைகள் ஆகிய அனைவரின் மேலான கவனத்துக்கும் வைக்கப்படுவது: கீழைக்கடல் கலை அறிவியல் கல்லூரியின் ரத்ததான விழிப்புணர்வு ஒருங்கிணைப்பாளர் முனைவர் நேசக்குமார் அவர்கள், மனிதகுலத்தின் ரத்தத் தட்டுப்பாட்டை ஒரே நாளில் தீர்த்துவைக்க முடிவு செய்துவிட்டார். நாள், நவம்பர் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. இடம், கல்லூரி விளையாட்டு மைதானம். காலை ஒன்பது மணிக்குத் தட்டுப்பாடு தீரும். பத்தரைக்குத் தேநீர்.

மைக்கில் அவர் இதை இப்படிச் சொல்லவில்லை. இதைவிட நீளமாகச் சொன்னார்.

நேசக்குமார் வணிகவியல் பேராசிரியர். சொந்த ஊர் நாசரேத். ஓய்வு பெற இன்னும் சில வருடம் பாக்கி. ரத்தத்தைப் பற்றி இருபது வருடமாகப் பேசிவருகிறார். அந்தப் பேச்சில் தவறாமல் வரும் ஓர் இடம் உண்டு. வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "என் உடம்பில் ஓடுவது ஓ நெகட்டிவ். யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம். நான் உலகத்தின் பொதுச்சொத்து" என்பார். விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே அதையும் ஒரு பட்டம்போல அச்சடித்திருந்தார்.

மகன் மெல்வின் கப்பலில் வேலை பார்க்கிறான். அவனுக்குச் சாத்தான்குளத்தில் பெண் பார்த்தபோது, பெண் ஈவாஞ்சலினுக்கும் ஓ நெகட்டிவ் என்று தெரிந்ததும் நேசக்குமார் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து, "மாமனாருக்கும் மருமகளுக்கும் ஒரே ரத்தம். இனிமேல் இந்தப் பிள்ளைக்கு ஓர் ஆபத்து என்றால் என்னைத் தட்டினால் போதும்" என்றார். கை தட்டினார்கள். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

தலைப்பிரசவம் பெண்ணின் தாய்வீட்டில் நடந்தது. பிள்ளை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்காமல் ஈவாஞ்சலின் பிழைத்ததே பெரும்பாடு. அடுத்த தடவை ஓ நெகட்டிவ் ரத்தத்துக்கு முன்கூட்டியே ஆள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த தடவை இப்போது வந்திருந்தது. வயிற்றில் எட்டு மாதத்துப் பிள்ளையோடு, டிசம்பர் நடுவில் நாள் குறிக்கப்பட்டு, ஈவாஞ்சலின் மாமனார் வீட்டில் இருந்தாள். வீடு கல்லூரித் தெருவில். மூத்த பிள்ளை சாத்தான்குளத்தில், மெல்வின் கடலில்.

முகாமுக்கு முந்தைய வாரம், ரத்த வங்கி டாக்டர் உமாராணி கல்லூரிக்கு வந்தாள். திருநெல்வேலிக்காரி. பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"சார், மொத்தப் பிள்ளைகளையும் ஒரே நாள்ல படுக்கப்போட வேண்டாம். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வந்தாதான் எங்களுக்கு உதவி. எங்க ஃப்ரிட்ஜ் கொள்ளாது. ரத்தம் ஊறுகாய் இல்ல, வச்சு வச்சு எடுக்கதுக்கு."

"மாசாமாசம் கொஞ்சம் பேருன்னா எந்தப் பேப்பர்ல படம் போடுவான் டாக்டர்?"

"சரி, ஓ நெகட்டிவ் பையன்மாரயாவது விட்டு வையுங்க. பன்னெண்டு பேருன்னு சொன்னீங்க. ஒருதடவ குடுத்தா மூணு மாசத்துக்கு அவங்களத் தொட முடியாது. மழைக்காலம் வருது. கூப்பிட்ட நேரத்துக்கு வரதுக்கு நாலு பேராவது மிச்சம் வேணும்."

"அந்தப் பன்னெண்டு பேருதான் மேடையில ஹைலைட்டே."

உமாராணி ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தாள். அங்கே லாரியிலிருந்து உப்பு இறங்கிக்கொண்டிருந்தது. உப்பள முதலாளிகள் அன்பளிப்பாகக் கொடுத்த ஐந்து டன் உப்பு. மாணவர்கள் அதில் சாயத்தைக் கொட்டி மண்வெட்டியால் கிளறினார்கள். மைதானத்தின் நடுவில் பிரம்மாண்டமான ரத்தத்துளி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. உலகத்தின் மிகப்பெரிய உப்பு ரத்தத்துளி என்று சாதனைப் புத்தகக்காரர்களுக்கு நேசக்குமார் ஏற்கெனவே எழுதிப்போட்டிருந்தார். கிளறிய பிள்ளைகள் எல்லாருடைய கையும் முழங்கை வரை சிவந்திருந்தது. தூரத்தில் இருந்து பார்க்கும்போது அந்தக் காட்சி அவ்வளவு நன்றாக இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பந்தலுக்குள் கட்டில்கள் நிறைந்தன. மேடையில் பன்னிரண்டு கட்டில்கள் தனியாக. பன்னிரண்டு பேருக்கும் "நெகட்டிவ் நாயகன்" என்று பொன்னெழுத்தில் அச்சடித்த சிவப்பு நாடா மார்பின் குறுக்கே. பதினொரு பேர் படுத்தார்கள். ஒருவன் மட்டும் நின்றான். புன்னைக்காயல் பையன் பெனிஸ்டன், இரண்டாம் ஆண்டு.

"என்னடே, படு" என்றார் நேசக்குமார்.

"எனக்கு இன்னைக்கு வேண்டாம் சார். போன வாரம் உப்பு கிளறும்போது டாக்டரம்மா சொன்னது ஜன்னல் வழியா காதுல விழுந்திச்சி. கூப்பிடுதப்ப வாரேன்."

நேசக்குமார் மைக்கை வாங்கினார். "நடுக்கடலில் சுறாவோடு மல்லுக்கட்டும் பரம்பரை. ஓர் ஊசியைப் பார்த்து நடுங்குகிறது, பாருங்கள்."

மைதானம் சிரித்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த பிரைட்டன், கையில் ஊசி ஏறியிருந்த நிலையிலும் சும்மா இருக்கவில்லை. "ஏலே பெனிஸ்டன், சங்குகுளிக்கப் போற பயலுக்கு ஊசி குத்தினா காத்து இறங்கிருமோ?"

"நீ முதல்ல கையில இருக்க பந்த ஒழுங்கா அமுக்குலே. டியூப்புல ஒண்ணும் வரக் காணும்" என்றான் பெனிஸ்டன். நாடாவைக் கழற்றி மடித்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

காலியான கட்டிலில் நேசக்குமார் தாமே படுத்தார். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நேசக்குமாருக்கு ஊசி ஆகாது. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது சுவரேறிக் குதித்தவர். இருபது வருடமாக ஒவ்வொரு முகாமிலும் அவர் கட்டிலில் படுப்பார். தொண்டர் ஒருவன் வெறுங்குழாயை முழங்கைக்குள் வைத்து ஒட்டுவான். போட்டோக்காரர் வேலையை முடிப்பார். அதன்பின் அந்த இடத்தில் பஞ்சு வைத்து ஒரு பிளாஸ்திரி. அன்று முழுவதும் சட்டைக் கையை மடித்துவிட்டுத் திரிவார். ரத்த வங்கிக்காரர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பதால் அவர் கட்டில் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் மனைவி ஞானபாய் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டாள். அடியில் ஒன்றுமில்லை.

"வலிச்சிச்சா?" என்று கேட்டாள்.

"கடமைன்னு வந்துட்டா வலி தெரியாது."

ஞானபாய் பிளாஸ்திரியைக் குப்பையில் போட்டுவிட்டுக் குழம்பைச் சூடுபண்ணப் போனாள்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. உமாராணியின் ஃப்ரிட்ஜ் அவள் சொன்னபடியே கொள்ளவில்லை. பைகளைத் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் அனுப்பினாள். ஓ நெகட்டிவ் பைகள் கேட்ட ஊர்களுக்கெல்லாம் போய்விட்டன; தூத்துக்குடியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

அந்த வருடம் மழை பிந்தியது. நவம்பர் முழுவதும் வானம் வெறித்துக் கிடந்தது. உப்புத்துளியைத் தார்ப்பாய் போட்டு மூடி, சாதனைப் புத்தகக்காரர்களுக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் வரவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் உப்பு மெல்லக் கசியத் தொடங்கியது. மைதானத்து ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீண்டது. காவலாளி அதன் மேல் மணலைப் போட்டார். மறுநாள் மணலும் சிவந்திருந்தது.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் பறவைகள் உப்பளத்தை விட்டுக் கிளம்பின. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. மூன்றாம் எண். ஊரில் ஒருவரையொருவர் பார்த்தவர்கள் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக, "கூண்டு ஏத்தியாச்சாமே" என்றார்கள். மழை தொடங்கியது. அன்று நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. தாமிரபரணி கரையை மறந்தது. திருநெல்வேலி ரோடு போயிற்று, திருச்செந்தூர் ரோடு போயிற்று, ரயில் பாதைக்கு அடியில் மண் போயிற்று. ஊர், நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்து தனியே நின்றது.

மூன்றாம் நாள் விடியும்போது கல்லூரி மைதானத்துத் தார்ப்பாயைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. ஐந்து டன் உப்பும் கரைந்தது. கல்லூரி வாசல் வழியாகச் சிவப்புத் தண்ணீர் வெளியேறித் தெருவை நிறைத்தது. படியேறி வீடுகளுக்குள் நுழைந்தது. கல்லூரித் தெருக்காரர்கள் மாடியில் நின்று கீழே பார்த்தார்கள். எதிர்வீட்டுச் சீனித்தாய்தான் கடைசியில் கேட்டாள்: "ஏளா ஞானபாயி, எங்கன வெட்டு விழுந்திருக்கு?"

ஞானபாய் பதில் சொல்ல வாய் திறந்தபோது உள்ளே ஈவாஞ்சலினுக்கு வலி எடுத்தது.

தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை. காய்கறி ஏற்றும் டிராக்டர் ஒன்றைப் பிடித்து, பெட்டியில் கட்டிலைப் போட்டு, அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். சக்கரம் சுழன்றபோது சிவப்புத் தண்ணீர் தெறித்து அவள் சேலையில் விழுந்தது.

"மாமா, இது என்ன தண்ணி?" என்றாள் ஈவாஞ்சலின்.

"உப்புத் தண்ணிம்மா. வெறும் உப்பு" என்றார் நேசக்குமார்.

மத்தியானம் பிள்ளை பிறந்தது. பெண்குழந்தை. அழுதது. பிரசவம் பார்த்த டாக்டர் வெளியே வரவில்லை; உமாராணிதான் வந்தாள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியதால் ரத்த வங்கியை மாடிக்குத் தூக்கியிருந்தார்கள். மாடி வராந்தாவில் ஜெனரேட்டர் சத்தம். அதைத் தாண்டிப் பேச வேண்டியிருந்தது.

"பிளீடிங் நிக்கல. கர்ப்பப்பையச் சுருங்கவைக்க மருந்து குடுத்திருக்காங்க. இருந்த ஒரு பை ஏறிக்கிட்டு இருக்கு. இன்னும் ஒண்ணு கண்டிப்பா வேணும். திருநெல்வேலியில இருக்கு, ஆனா இங்க வராது. கடைசி வழியா பாசிட்டிவ் ரத்தத்த ஏத்திப் பாக்கலாம். ஆனா அது நெசமாவே கடைசி வழி. அதுக்கு முன்னாடி உங்க பையன்மாரக் கூப்பிடுங்க."

காலையிலேயே நேசக்குமார் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டிருந்தார். நெகட்டிவ் நாயகர்களில் ஊருக்குள் இருந்த மூன்று பேர் இடுப்புவரை நனைந்து வந்து நின்றார்கள். முன்னால் பிரைட்டன். உமாராணி அவர்களைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள்.

"நீங்க மூணு பேரும் போன மாசம்தானே குடுத்தீங்க?"

"ஒண்ணும் ஆகாது மேடம். எடுங்க" என்றான் பிரைட்டன்.

விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்தாள். மூன்று பேருக்கும் குறைவு. ஹாஸ்டல் சாப்பாடு இன்னும் அந்த நவம்பர் வெள்ளிக்கிழமையை ஈடுகட்டியிருக்கவில்லை.

"ஒருத்தர எழுப்ப இன்னொருத்தரப் படுக்கப்போட முடியாதுப்பா. அந்தப் பன்னெண்டாவது பையன் எங்க? மேடையில இருந்து இறங்கிப் போனானே."

"பெனிஸ்டனா? புன்னக்காயல்ல மேடம். ரோடு இல்ல. ஒருதடவ லைன் கெடச்சிச்சி. வாரேன்னான், கட்டாயிட்டு. வந்தா வள்ளத்துலதான் வரணும்." பிரைட்டன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான். "கூண்டு ஏறிக் கெடக்கு. எவன் வள்ளம் இறக்குவான்?"

ஜன்னலுக்கு வெளியே கடலும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன, அழுக்குத் துணி நிறத்தில். கதவுக்குப் பின்னால் யாரோ வேகமாக நடந்தார்கள். ஒரு பாத்திரம் விழுந்தது. குழந்தையின் அழுகை கேட்டு, நின்றது.

இந்த இடத்தில் நேசக்குமார் தொண்டையைச் செருமினார். பழக்கம். மூன்று மாணவர்களும் தம்மையறியாமல் நிமிர்ந்து நின்றார்கள், அதுவும் பழக்கம்.

"டாக்டர், நான் இருக்கிறேன். ஓ நெகட்டிவ். கொடுத்து ஐந்து வாரம்தான் ஆகிறது என்று எனக்குத் தெரியும். என் உயிர் போனாலும் பரவாயில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்." நெஞ்சில் கை வைத்திருந்தார்.

"உங்க வயசுக்கு அஞ்சு வாரத்துல எடுக்க மாட்டேன் சார். பேப்பர்ல உங்க படத்தப் பாத்தேன். பையன்மாருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்." உமாராணி திரும்பினாள்.

நேசக்குமார் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். கொடுக்கத் தயாராக இருந்தார், சட்டம் தடுத்துவிட்டது. மூன்று சாட்சிகள். ஊசியும் இல்லை, பழியும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார். கதவுக்குப் பின்னால் அவருடைய மருமகளின் ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

பெஞ்சின் மறுமுனையில் ஞானபாய் இருந்தாள். கையில் பைபிள், திறக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"என்னத்த?"

"வருஷா வருஷம் அந்தப் பிளாஸ்திரிய நான்தான் பிய்க்கேன். ஒரு எறும்பு கடிச்ச தடம்கூட இருந்ததில்ல. சரி, ஆம்பள, வெளியில நாலு பேருக்கு முன்னால ஒரு வேஷம்னு விட்டுட்டேன். அங்க கெடக்கது என் மருமவ. நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

ஜெனரேட்டர் ஒரு கணம் திக்கியது. விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்தன. நேசக்குமார் பிரைட்டனைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தரையில் அவர்கள் எல்லாருடைய காலிலிருந்தும் வடிந்த சிவப்புத் தண்ணீர்.

"நான் கொடுக்கல" என்றார்.

சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மைக் இல்லாமல் பேசி அவருக்குப் பழக்கமில்லை. மறுபடி உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"நவம்பர்ல நான் கொடுக்கல டாக்டர். குழாய வெறுமன ஒட்டினது. இந்த வருஷம் மட்டுமில்ல. ஒரு வருஷமும் கொடுத்ததில்ல. எனக்கு ஊசின்னா பயம்."

பிரைட்டன் தன் முழங்கையைத் தடவிக்கொண்டான். "சாரே படுத்துட்டாருன்னு சொல்லித்தானே எங்க கிளாஸ் பூரா கொண்டுபோய்ப் படுக்கவச்சேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். மற்ற இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

உமாராணி திட்டவில்லை. அதற்கு நேரமில்லை. "கைய நீட்டுங்க" என்றாள்.

விரல் நுனியில் ஊசி இறங்கியது. நேசக்குமார் கண்ணை மூடியிருந்தார். திறந்து பார்த்தபோது விரலில் ஒரு துளி நின்றது. மைதானத்தில் இருந்ததைவிடச் சின்னது. அவள் அதைக் கண்ணாடிச் சில்லில் எடுத்துக்கொண்டு பரிசோதிக்க உள்ளே போனாள்.

பஞ்சை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதானா வலி என்று தோன்றியது. அப்புறம் நெஞ்சு லேசாகியது. உண்மையைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று நினைத்தார். அதை ஒரு நல்ல தலைப்பாக வைத்துப் பேசலாம். பேச்சில் ஞானபாயின் பகுதியைச் சுருக்கிக்கொள்ளலாம். மனதுக்குள் முதல் பத்தியின் பாதிக்கு வந்திருந்தபோது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

பெனிஸ்டன் வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. பின்னால் அவன் மாமா, விரல்கள் இன்னும் துடுப்பைப் பிடித்த வளைவிலேயே.

"லேட்டாயிட்டா மேடம்?" என்றான். "வாடைக்கு எதிரா வந்தோம். முகத்துவாரத்துல எஞ்சின் ரெண்டு மட்டம் நின்னுட்டு."

"இவன் கூப்பிட்டா வாரேன்னு வாக்குக் குடுத்தானாம்" என்றார் மாமா. "அதுக்கு என் வள்ளம்."

உமாராணி அவனுக்குத் துணி மாற்றி, போர்த்தி, சூடாகக் குடிக்கவைத்து, மூச்சு அடங்கும் வரை காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புதான் அன்றைய நாளிலேயே நீளமானது. கதவைத் திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள். அப்புறம் பரிசோதனை, அப்புறம் ஊசி. பெனிஸ்டன் ஊசியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். கட்டில் ஓரமாக வந்து நின்ற பிரைட்டன், "நல்லா அமுக்குலே, வரக் காணும்" என்றான். "போலே" என்றான் பெனிஸ்டன்.

பை நிறைந்தது. உள்ளே போனது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ரத்தப்போக்கு நின்றது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரவில்லை. ஈவாஞ்சலின் கண் திறந்து, பிள்ளை எங்கே என்று கேட்டாள் என்று நர்ஸ் வந்து சொன்னாள். ஞானபாய் அப்போதுதான் பைபிளைத் திறந்தாள். கண்ணீரில் எழுத்துத் தெரியாமல் மூடினாள். வெளியே மழை இன்னும் பெய்தது. கூண்டை இறக்கியிருக்கவில்லை.

நேசக்குமார் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு ரத்த வங்கி வாசலில் போய் நின்றார்.

"டாக்டர், என்னுடையதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் தேவைப்படலாம். இப்போது எனக்குப் பயமில்லை."

உமாராணி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை.

"எடுக்கலாம் சார். நாளைக்கு வாங்க. ஆனா உங்க மருமவளுக்கு அது ஆகாது."

"ஏன்? ஒரே ரத்தம்தானே. ஓ நெகட்டிவ்."

"யார் சொன்னா?"

நேசக்குமார் யோசித்துப் பார்த்தார். இருபது வருடமாக அவர்தான் சொல்லிவந்தார்.

அவருக்கு பி பாசிட்டிவ்.